தட்டில் காசு போடாத வேட்பாளர்

அன்புள்ள ஜெயக்குமாருக்கு,

காஞ்சிபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. ஏகாம்பரநாதர் தயவாலும் இரத்த அழுத்த மாத்திரையின் தயவாலும் நான் நலமாகவே இருக்கிறேன். கால்கரியில் இன்னும் பனி விடவில்லை என்று துர்கா சொன்னாள். நீயும் அவளும் குழந்தைகளும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதோடு, இது உன் கைக்குக் கிடைக்கும் நாளில் எதையும் மாற்ற உனக்கு வழியிருக்காது. அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் மறக்கவில்லை. சங்கரி சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்பது குடும்பத்துக்கு அவமானம், புதன்கிழமை மூன்று மணிக்குள் அவள் மனுவைத் திரும்பப் பெற வேண்டும், சித்தப்பாவிடம் பேசியாயிற்று, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாய். என் சார்பில் வாக்குக் கொடுக்கும் அதிகாரத்தை உனக்கு எப்போது அளித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. எனக்கு எழுபத்தாறு வயதாகிறதே தவிர மறதி வரவில்லை. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருத்தியை, ஊரில் விட்டுவந்த பீரோவைப்போல யாரோ பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. உன் தங்கை செய்த குற்றம் என்ன? தெற்கே ஒரு காவல் நிலையத்தில் ஆய்வாளராக இருந்தபோது, அங்கே அடிபட்டுச் செத்த ஒருவனுக்காகத் தன் மேலதிகாரிக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். அதன்பின் அவளுக்கு நிலையம் கொடுக்கவில்லை. திருவிழாக் கூட்டத்தைப் பார்க்கவும், அமைச்சர் வரும் சாலையில் வெயிலில் நிற்கவும் அனுப்பினார்கள். தை மாதம் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். காவல் நிலையத்துக்குள் நடப்பதைச் சட்டமன்றத்தில் கேட்க ஓர் ஆளாவது வேண்டும் என்கிறாள். இதில் அவமானம் எந்த இடத்தில் இருக்கிறது என்று நீ எனக்கு விளக்கவில்லை.

அவள் நன்றாகப் பிரசாரம் செய்கிறாள் என்று நான் சொல்லமாட்டேன். மிக மோசமாகச் செய்கிறாள். கைகூப்பச் சொன்னால் குதிகால்களை ஒட்டிவைத்துக்கொண்டு, கொடியேற்றத்துக்கு நிற்பதைப்போல நிற்கிறாள். கதவைத் தட்டும் தட்டு இன்னும் போலீஸ் தட்டாகவே இருக்கிறது. முசரவாக்கத்தில் ஒரு வீட்டில் அப்படித் தட்டியதும் உள்ளே இருந்த மனிதர் பின்பக்க வேலியைத் தாண்டி வயலுக்குள் ஓடிவிட்டார். நான் ஷேர் ஆட்டோவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி கதவைத் திறந்து, "அவரு ஊர்ல இல்லம்மா, நேத்தே திருத்தணி போய்ட்டாரு" என்றாள். சங்கரி, "அப்ப வேலி தாண்டினது யாரு?" என்று கேட்டாள். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் கேட்கிற கேள்வியா அது? விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண், "ஓட்டுக்கா வந்தீங்க? அத்த மொதல்லயே சொல்றதில்ல? மனுசன் இன்னா ஓட்டம் ஓடினாரு பாருங்க" என்று எங்களுக்கு மோர் கொடுத்தாள். சாயங்காலம் வரை அவர் திரும்பவில்லை என்று கேள்வி.

இவையெல்லாம் சிரித்துவிட்டு மறக்கக்கூடியவை. நம் தெருவில் வெள்ளிக்கிழமை அவள் செய்ததுதான் உண்மையான தவறு. எதிர்வீட்டுப் பெரியநாயகி, தறியில் இருந்த வேலையை விட்டுவிட்டு, நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆரத்தித் தட்டோடு வந்தாள். தேர்தல் காலத்தில் ஆரத்தித் தட்டில் வேட்பாளர் நோட்டுப் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது உனக்குத் தெரியும். சங்கரி போடவில்லை, அது சரி. ஆனால் அதோடு நிறுத்தாமல், "தட்டுல காசு போட்டா ஓட்டுக்குக் காசு குடுத்த மாதிரிம்மா. குடுத்தவங்க மேலயும் கேஸ், வாங்கினவங்க மேலயும் கேஸ்" என்று சட்டம் சொன்னாள். பெரியநாயகியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "நான் காசு கேட்டனா? கண்ணு பட்டுடப்போவுதுன்னு சுத்த வந்தேன். எங்கிட்டயே செக்‌ஷன் படிக்கிறியே" என்று சொல்லித் தெருமுனையில் தட்டைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு முழம் பூவைத் தட்டில் வைத்திருந்தால் தட்டும் வெறுமையாகத் திரும்பியிருக்காது, சட்டமும் கெட்டிருக்காது. மறுநாளே, ஆரத்தி எடுத்தால் சங்கரி உள்ளே தள்ளிவிடுவாளாம் என்ற பேச்சு ஐயம்பேட்டை வரை போய்விட்டது. அன்று முதல் நம் தெருவில் அவள் நடந்தால் கதவுகள் சாத்திக்கொள்கின்றன.

இந்தச் சமயம் பார்த்துத்தான் திங்கட்கிழமை உன் சித்தப்பா கலியாணசுந்தரம் வெற்றிலைத் தட்டோடு வந்தார். துணைக்குத் தெருப் பெரியவர் திருஞானசம்பந்தம். அந்தத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தால் தெருவின் முடிவுக்கு வீடு சம்மதித்துவிட்டது என்று பொருள். பெரிய கட்சி வேட்பாளர் மாணிக்கவேல் நம் தெருவின் பொது மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். பதிலுக்குச் சங்கரி விலக வேண்டும், தெரு ஓட்டெல்லாம் அவருக்கே என்பதுதான் அந்த முடிவு. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா பொண்ணு கேட்டுக்கும் அண்ணி" என்றார் உன் சித்தப்பா. இந்த முடிவுக்குத் தெருவில் எத்தனை பெண்களைக் கேட்டீர்கள் என்றேன். "பொம்பளைங்கள இன்னாத்துக்குக் கேக்கணும், வூட்டுக்கு ஒருத்தரு பேசினா பத்தாதா?" என்றார். ஓட்டு வீட்டுக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா என்று கேட்டேன். வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தி, "ஜெயக்குமாரே ஒத்துக்கினான்" என்றார். அவன் கனடாக்காரனாகிவிட்டான், அவனுக்கு இந்த ஊரில் ஓட்டே இல்லை என்றேன். திருஞானசம்பந்தம் விவரமானவர். "போலீஸுக்கு அவளப் புடிக்கல. ஜனங்களுக்குப் போலீஸையே புடிக்கல. அப்ப அவளுக்கு யாரு டீச்சர் ஓட்டுப் போடுவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் தேர்தல் நடத்துகிறார்கள் என்றேன். இருவருக்கும் காபி கொடுத்தேன். வெற்றிலை அப்படியே திரும்பிப் போயிற்று.

ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வெளியே தைரியமாகத் திரியும் உன் தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். "தெருவுல உன்கிட்ட யாரும் பேசறதில்லைன்னு தெரியும்மா. நீ வேணாம்னு சொல்லு, நாளைக்கே கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்" என்றாள். நீ எதிர்பார்த்த சந்தர்ப்பம் அதுதான். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நான் அவளிடம், நீ தோற்பாய், கட்டிய வைப்புத்தொகையும் போகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை என்று சொன்னேன். பிறகு, சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் என்னைக் கேட்டாயா என்றேன். இல்லை என்றாள். கேட்காமலே சரியாகத்தானே செய்தாய், உத்தரவு வாங்கித்தான் நடக்க வேண்டுமென்றால் துறையிலேயே இருந்திருக்கலாமே என்றேன். அவள் தோசைக்கு என்ன தொட்டுக்கொள்ள என்று கேட்டாள்.

இன்று காலை அவள் கிளம்பும்போது தெருவில் ஒரு தட்டும் இல்லை. ஆரத்தியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதை முதலாண்டு மாணவிகளுக்கு நடத்தியவள் நான். ஆனாலும் என் பெண் மூடிய கதவுகளுக்கு நடுவே மொட்டையாகப் போவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நானே கரைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உன் சித்தி கிருஷ்ணவேணி பக்கத்து வாசலிலிருந்து பதறிப்போய், "அக்கா, நீங்க எடுக்கக் கூடாதுக்கா, மாமா போனப்புறம்..." என்றாள். மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் என் புருஷன் செத்தது தெரியாது என்றேன். தெரு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். வகுப்பறைக் குரல் இன்னும் போகவில்லை. மூன்று சுற்றுச் சுற்றிப் பொட்டு வைத்தேன். அவள் வழக்கம்போல விறைப்பாக நின்றாள், தட்டில் ஒன்றும் போடவில்லை. நான் தெருமுனையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது அவள் பெரியநாயகியின் வாசலில் நின்று, "அன்னிக்கு நான் பேசினது தப்புக்கா. கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "இத்த சொல்றதுக்கு இவ்ளோ நாளா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கதவு திறக்கவில்லை. ஆனால் தறிச் சத்தம் நின்றிருந்தது.

மூன்று மணிக்கு உன் சித்தப்பா தேர்தல் அலுவலக வாசலில் சால்வையோடு காத்திருந்தார்; மாணிக்கவேலுக்குத் தன் கையால் போட்டு, அண்ணன் மகள் விலகிவிட்ட செய்தியைச் சொல்வதாக ஏற்பாடு. நாங்கள் போனோம், வாபஸ் வாங்க அல்ல, சின்னம் வாங்க. சங்கரிக்கு மின்கம்பம் கிடைத்திருக்கிறது. அவள் நிற்கிற நிற்பைப் பார்த்தே கொடுத்தார்களோ என்னவோ. தேர்தல் முகவர் யார் என்று அதிகாரி கேட்டபோது, அதற்குப் பேசிவைத்திருந்த வக்கீல், உன் சித்தப்பாவின் முகத்துக்குப் பயந்து வந்திருக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்தால் பெரியநாயகி ஆளனுப்பியிருக்கிறாள்: "நாளைக்கு எங்க வூட்டாண்ட வரச் சொல்லுங்க. காசு வேணாம், ஒண்ணும் வேணாம். ஆனா வாயத் தொறக்காம வரச் சொல்லுங்க." அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லியனுப்பினேன்.

நீயும் துர்காவும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருங்கள். துர்காவிடம் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று சொல். உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். இது கிடைத்ததும் சித்தப்பாவை அழைத்து, அம்மாவைக் கேட்காமல்தான் வாக்குக் கொடுத்தேன் என்று உன் வாயால் சொல். சொன்னபிறகு என்னைக் கூப்பிடு. அதுவரை நான் தொலைபேசியை எடுக்கப்போவதில்லை. பகல் முழுக்க ஷேர் ஆட்டோவில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மங்கையர்க்கரசி,
தேர்தல் முகவர், வேட்பாளர் சங்கரி.