ராசாத்திக்கு இரும்பு மருந்து

ஐப்பசி 4, திங்கள்

விடாத தூறல். ஒற்றை அறை ஆஸ்பத்திரியில் நானும் மருந்து அலமாரியும். மதியம் வரை ஒருவரும் இல்லை. பிறகு ராசாத்தி, மாமியாருடன். பண்ணைப்புரம் போகும் பாதையில் வீடு. ஆறு மாதக் கர்ப்பம். மலையில் ஏலத்தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்தவள். கண் இமைக்குள் வெள்ளை. நகம் கரண்டி போலக் குழிந்திருக்கிறது. மண்சுவரைச் சுரண்டித் தின்கிறாள் என்று மாமியாருக்குக் கோபம், அடித்தும் பார்த்தாராம். மாமியார் வெளியே போனதும் அவள் மெதுவாக, “நாக்கு கேக்குது நர்சம்மா. நான் என்ன செய்ய?”

ஐப்பசி 6, புதன்

உத்தமபாளையம் டாக்டர் வரும் நாள். ராசாத்தியைப் பார்த்தார். கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிக்கிறதாம். புழுவுக்கு மருந்து பிரசவத்துக்குப் பிறகு. இப்போது இரும்பு மிக்சர், சாப்பிட்டபின். பல் கறுக்காமலிருக்கப் பப்பாளித் தண்டால் உறிஞ்சச் சொன்னேன். சிரித்தாள்.

களைப்புக்கென்று மூன்று வாரமாக நானும் அதே மிக்சர் குடிப்பதை டாக்டரிடம் சொன்னேன். விரலில் குத்தி, ரத்தத்தை ஒற்றுத்தாளில் வைத்து, வண்ண அட்டையோடு ஒப்பிட்டார். குறைவில்லை. “இது ஒங்களுக்கு வேணாம். வயித்தத்தான் கெடுக்கும்.” வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார். பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டப் போய்விட்டேன்.

ஐப்பசி 11, திங்கள்

ராசாத்தி வீட்டுக்குப் போனேன். மருந்தை மாமியார் கொட்டிவிட்டார். “கரியாட்டம் வெளிக்குப் போகுது. வயித்துப் புள்ள என்னாகும்?” பயம்தான், கெட்ட மனசில்லை. இரும்பு குடித்தால் அப்படித்தான் போகும் என்று அன்றே சொல்லாதது என் தப்பு. ஒப்புக்கொண்டேன். என் கண்முன் குடிப்பதானால் சரி என்றார். காலையும் மாலையும் வருவாள்.

ஐப்பசி 22, வெள்ளி

வருகிறாள். குடித்ததும் போவதில்லை. தோட்டத்தில் காலைக் கடிக்கும் அட்டைகள், ஓடைப்பட்டியில் கட்டிக்கொடுத்த தங்கை, எல்லாம் பேச்சு. இன்று அவல் நனைத்து இரண்டு பங்காக வைத்தேன். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடத்தில் முதல் முறை. நான் மிக்சரை நிறுத்திப் பதினாறு நாள். காலையில் எழ முடிகிறது.

கார்த்திகை 9, திங்கள்

வெயில். ராசாத்திக்கு இமைக்குள் லேசாகச் சிவப்பு. மண் ஆசை போய்விட்டதாம். மாமியாரும் கூட வந்தார். இனி வீட்டில் தானே வேளை தவறாமல் கொடுப்பதாகச் சொன்னார். தேறிவிட்டாள் என்று நிறுத்தக் கூடாது, பிரசவம் வரை வேண்டும் என்றேன். இரண்டு வார மருந்து கொடுத்தேன்.

ராசாத்தி படியில் நின்றாள். “அப்ப நான் தெனமும் இங்கன வர வேண்டாம்ல?”

“வேண்டாம் ஆத்தா” என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது.