பச்சை வயர்

மார்ச் 5, புதன்

நோன்பு வைத்த வாயோடு ஒருவருக்குப் பாடம் நடத்த வேண்டியதாகிவிட்டது. கே.கே. நகர்க்காரர், புதுக் கார், பத்து அங்குலத் திரை வைத்த செட் மாட்ட வேண்டும் என்று கடைக்கு வந்தார். மாட்டி முடித்ததும் எல்லாரும் கேட்பதையே கேட்டார். "பாய், ஓட்டும்போது படம் ஓடும்ல?"

செட்டோடு வரும் வயர்க் கட்டில் பச்சையாக ஒன்று இருக்கும். அதை ஹேண்ட் பிரேக்கோடு இணைக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறான். இணைத்தால், பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தியிருக்கும்போது மட்டும்தான் படம் தெரியும். இந்தத் தெருவில் யார் அப்படி இணைக்கிறார்கள்? நுனியைச் சீவி வண்டியின் இரும்பில் ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிட்டால், பிரேக் எந்நேரமும் இழுத்தே இருக்கிறது என்று செட் நம்பிவிடும். எண்பதில் போனாலும் படம் ஓடும். இரண்டு நிமிட வேலை.

"அப்ப ரோட்டை யார் சார் பார்ப்பாங்க?" என்று கேட்டேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வயரை முறுக்கினேன்.

மார்ச் 19, புதன்

மூன்று வண்டி. அதில் ஒன்று கம்பெனியிலேயே திரையோடு வந்தது. ஏசியைக் குறைக்கக்கூட மூன்று தடவை தடவ வேண்டும். திருகுகிற குமிழ் இருந்தால் கை தானாகத் தேடிப் பிடிக்கும். இதற்குக் கண் வேண்டும். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, அவனுக்கு டிரைவர் இருப்பான்.

ஏப்ரல் 3, வியாழன்

என் மச்சினன் வாஜித் ஒருவழியாகக் கார் வாங்கிவிட்டான். பழைய வண்டிதான். தி. நகர் துணிக்கடையில் பத்து வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவன், இனி உட்கார்ந்துகொண்டு போகட்டும். அக்கா புருஷன் செட் கடை வைத்திருக்கும்போது வண்டி மொட்டையாக ஓடினால் என் வீட்டுக்காரி புஷ்ரா என்னைச் சும்மா விடுவாளா? பெரிய திரையே போட்டுக் கொடுத்தேன், என் பரிசாக.

வாஜித்தின் பெண்டாட்டி ஜஹீதாவும் குழந்தை நிஷாவும் கூட வந்திருந்தார்கள். ஜஹீதா தனியாக என்னிடம் வந்து, "அண்ணா, வண்டி ஓடும்போது இதுல படம் வராதுல்ல? இவருக்கு மேட்ச்னா கண்ணு மண்ணு தெரியாது. மேப்பும் பாட்டும் போதும்" என்றாள்.

"வராதும்மா. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

எதிர்க்கடை கதிரேசன், அவனும் செட் மாட்டுகிறவன்தான், வந்து நின்றுகொண்டு, மாநகராட்சி தோண்டிப் போட்ட பள்ளத்தைப் பற்றி முழுநேரமும் புலம்பினான். அவனுக்கு உம் கொட்டிக்கொண்டே வேலையை முடித்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வாஜித் போன் செய்தான். "மச்சான், செட் தூள்! கத்திபாரால ஊர்ந்துக்கினே பாதி மேட்ச் பார்த்துட்டேன்."

ஊர்ந்துகொண்டே என்றால்? பிரேக் இழுக்காமல் எப்படி வரும்?

நான்தான். பேச்சு மும்முரத்தில் கை வழக்கம்போலப் பச்சை வயரை இரும்பில் முறுக்கிவிட்டிருக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லியும் செய்யும் கை!

அடுத்த வாரம் வரச் சொல்லி மாற்றிவிடலாம். போனில் சொன்னால் புஷ்ராவுக்குப் போகும், ஜஹீதாவுக்குப் போகும், என் தொழில் லட்சணம் நாலு பேர் வாயில் விழும். அடுத்த வாரம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வாஜித் வண்டி மோதிவிட்டது. அடையாறு ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஜஹீதாவுக்கு ஆபரேஷன்.

யா அல்லாஹ்.

ஏப்ரல் 14, திங்கள்

கடை விடுமுறை. என்ன நடந்தது என்பது இன்றுதான் கோர்வையாகத் தெரிந்தது.

நேற்று மூன்றரைக்கு மேட்ச். திரையில் ஒரு பாதியில் மேப், மறு பாதியில் மேட்ச். எல்.பி. ரோட்டில் மெட்ரோ வேலைக்காக வழியை மாற்றி விட்டிருக்கிறார்கள். மேப் "இடது" என்றிருக்கிறது. எந்த இடது என்று பார்க்க மேப்பைப் பெரிதாக்கப் போய் விரல் மேட்சில் பட்டு, திரை முழுக்க மேட்ச் வந்துவிட்டது. அதைச் சரி செய்யக் குனிந்தவன், ஒரு பந்து பார்த்துவிட்டுத்தான் செய்யலாம் என்று நினைத்தானாம். ஒளிக்காமல் அவனே சொல்கிறான். இடது பக்கம் சிமென்ட் தடுப்பு. அந்தப் பக்கம்தான் ஜஹீதா உட்கார்ந்திருந்தாள்.

இடது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. தகடு வைத்திருக்கிறார்கள். அவள் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். இரண்டு கையும் வேண்டிய வேலை. இரண்டு விரல் மடங்காமலே போகலாம் என்கிறார் டாக்டர்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று நான் செய்ததை எழுதியே தீர வேண்டும்.

புஷ்ரா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாஜித் மருந்து வாங்கப் போயிருந்தான். ஜஹீதா என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "படம் வராதுன்னு சொன்னீங்களே அண்ணா?" என்றாள்.

வாய்க்குள் பதில் தயாராக இருந்ததுபோல வந்தது. "நான் சரியாத்தாம்மா போட்டேன். அப்புறம் யாராவது மாத்தியிருப்பாங்க."

யாராவது! அந்த வீட்டில் காருக்கு வேறு எந்த 'யாராவது' இருக்கிறான்?

அவள் முகம் மாறியதை என் கண்ணால் பார்த்தேன். புஷ்ராவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் முறையைப் படித்துக்கொண்டு நின்றேன், பேடி.

ஏப்ரல் 22, செவ்வாய்

வாஜித் கடைக்கு வந்தான். தாடியெல்லாம் வளர்ந்து கிடக்கிறது.

"மச்சான், நான் வேற கடைக்குப் போய் மாத்திட்டேன்னு அவ சொல்றா. நான் எங்கயும் போவல, குழந்தை மேல ஆணை. மேட்ச் பார்த்தது தப்புதான், காலம்பூரா அடிச்சாலும் வாங்கிக்கிறேன். ஆனா பிளான் பண்ணி ஏமாத்தினேன்றா, அதான் தாங்கல. செட்டுல எதாவது கோளாறு இருக்கும். நீங்களே கழட்டிப் பாருங்க."

ஒர்க்‌ஷாப்பில் வண்டி முகம் நசுங்கி நிற்கிறது. அவனோடு போய், அவனை வெளியே நிற்கவைத்துவிட்டுத் திரையைக் கழற்றினேன். பச்சை வயர் ஸ்க்ரூவில் பத்திரமாக இருந்தது. மேலே சுற்றியிருந்த டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்திருந்தது. பிரிக்கச் சுலபமாக இருக்கும் என்று நான் அப்படித்தான் மடிப்பேன். இந்தத் தெருவில் வேறு யாரும் மடிப்பதில்லை.

ஸ்க்ரூவைக் கழற்றினேன். வயரை உள்ளே தள்ளினேன்.

"இன்னா மச்சான், எதாச்சும் தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியலடா."

"சரி, வுடுங்க," என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். அதுவும் இறங்கியது.

மே 4, ஞாயிறு

ஜஹீதா குழந்தையோடு கே.கே. நகரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "கையை உடைச்சதுக்குப் போகல. பொய் சொல்றாரு பாருங்க, அதுக்குப் போறேன்" என்று புஷ்ராவிடம் சொன்னாளாம்.

ராத்திரி நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாஜித் எங்கள் வீட்டுக்கு வந்தான். புஷ்ரா அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஒத்துக்கடா. மாத்தினேன்னு அவகிட்டச் சொல்லிட்டு மன்னிப்புக் கேளு. அவ வந்துருவா."

"மாத்தலக்கா."

"இவரு பொய் சொல்றாரா அப்போ?"

வாஜித் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

புஷ்ரா அவனை ஓங்கி அறைந்தாள். முப்பத்தாறு வயது ஆளை. அம்மா போன பிறகு அவனைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தவள். அவன் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அவள் சமையலறையில் போய் அழுதாள். நான் சாப்பாட்டை முடித்தேன்.

முடித்தேன்!

மே 5, திங்கள்

கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். அதுவும் பொய்.

மே 16, வெள்ளி

ஜும்மாவுக்குப் போய்விட்டு வரும்போது கதிரேசன் பிடித்துக்கொண்டான்.

"இன்னா பாய், ஒரு மாசமா மூஞ்சே செரியில்ல? மச்சினன் கேஸா?"

யாரிடமாவது கொட்டித் தொலைக்க வேண்டும்போல இருந்தது. கொட்டினேன். அவன் பீடியை அணைத்துவிட்டு, "அட, இத்தப் போய்! நானும்தான் போட்டுக்கினு கீறேன். ஒரு நாளைக்கு நாலு. பார்க்கச் சொன்னது நீயா? வாய மூடிக்கினு கம்முனு இரு பாய். சொன்னா கடையும் போவும், சொந்தமும் போவும்" என்றான்.

அவன் சொல்லும்போதுதான் எனக்குக் கேட்டது, இத்தனை நாளாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் வாயில் கேட்க அசிங்கமாக இருந்தது.

மே 27, செவ்வாய்

ஜஹீதா வீட்டார் பள்ளிவாசல் ஜமாஅத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். பிரிந்துவிடுவது என்று. ஞாயிறு அன்று இரு தரப்பையும் கூப்பிட்டிருக்கிறார்கள். செட் மாட்டியவன் என்ற முறையில் என்னையும்.

"நீங்க உண்மையச் சொன்னா அவன் வழிக்கு வருவான்" என்கிறாள் புஷ்ரா.

ஜூன் 1, ஞாயிறு

ஆபீஸ் அறையில் பத்துப் பேர் இருப்போம். ஜஹீதாவும் அவள் அம்மாவும் புஷ்ராவும் ஜன்னல் ஓரம். ஜஹீதா கையில் இன்னும் கட்டு. பெரியவர் அன்வர் பாஷா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தொழில் தெரிஞ்சவர் நீங்க. நீங்க சரியா மாட்டிக் கொடுத்தீங்க, பின்னால மாத்தப்பட்டிருக்கு. அப்படித்தானே? எழுதிக்கலாமா?" என்றார்.

செயலாளர் பேனாவைத் திறந்தார். எழுதிவிட்டால் வாஜித் பொய்யன் என்று காகிதத்தில் ஆகிவிடும்.

"எழுதாதீங்க. நான்தான் மாத்தினேன். மாட்டும்போதே. அவனுக்குத் தெரியாது" என்றேன். தொடங்கிய பிறகு நிற்கவில்லை. மூன்று நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது, கூப்பிட்டுச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன், ஒர்க்‌ஷாப்பில் வயரைக் கழற்றி மறைத்தேன் — எல்லாம்.

வாஜித் சத்தமே போடாமல், "நான் வெளிய நின்னுக்கினு இருந்தேன் மச்சான். உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்" என்றான்.

ஜஹீதா எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். "அவரு ரோட்டைப் பார்க்காதது தப்புதான். அதை நாங்க வீட்டுல பேசிக்கிறோம்" என்று பெரியவரிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. அண்ணா என்று கூப்பிடவும் இல்லை.

திரும்பும்போது புஷ்ரா ஆட்டோவில் தனியாக வந்தாள்.

ஜூன் 2, திங்கள்

காலையில் ஒரே ஒரு முறை பேசினாள். "நான் அவனை அடிச்சேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து சோறு தின்னீங்க."

கடைச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஜூன் 7, சனி

பக்ரீத். புஷ்ரா நேற்றே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஜஹீதாவுக்கு ஒரு கையால் சமைக்க முடியாது, துணைக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

தொழுகையில் வாஜித்தைப் பார்த்தேன். எல்லாரையும் தழுவினான். என் முறை வரும்போது செருப்பைத் தேடப் போய்விட்டான். மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அவர்களுக்கு என் மேல் என்ன கோபம்?

ஜூன் 18, புதன்

ஒருவர் வந்தார். ஓட்டும்போது படம் வேண்டும். முடியாது என்றேன். "இன்னா பாய், ஊரே போடுது" என்றார். எதிர்க்கடைக்குப் போனார். கதிரேசன் அங்கிருந்தே எனக்குக் கும்பிடு போட்டான்.

இந்த மாதம் இவர் ஏழாவது ஆள். யோக்கியன் ஆகிவிட்டேன் என்று மார் தட்ட ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணின் இரண்டு விரல் போன பிறகு வந்த யோக்கியம்.

ஜூலை 2, புதன்

இத்தனை வயதுக்கு எனக்கு நானே ரசம் வைத்து, அதையும் வற்றிக் கரிய விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் புஷ்ராவிடமிருந்து ஒரு வரி: "சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போங்க." ஐந்து வாரத்தில் முதல் வார்த்தை. வண்டியைக் கழுவினேன். சட்டையை மாற்றி, பிறகு வேறு சட்டை மாற்றினேன்.

வாஜித் வீட்டுக்குள் நான் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. கீழேயே காத்திருந்தேன். மாடியில் நிஷா சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜஹீதா ஏதோ சொல்ல, வாஜித்தும் சிரித்தான். நல்லது. அந்த வீடு நிமிர்ந்துவிட்டது.

புஷ்ரா பையோடு இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். எட்டி முன் கதவைத் திறந்துவிட்டேன். அவள் அதை மெதுவாகச் சாத்தினாள். பின் கதவைத் திறந்து, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் உட்கார்ந்தாள், வாடகை வண்டியில் ஏறுவதுபோல.

"முன்னால வாயேன்" என்றேன்.

"போலாம்" என்றாள்.

அடையாறிலிருந்து மயிலாப்பூர் எனக்குத் தெரியாத வழியா? இருந்தாலும் கிளம்பும் முன் திரையில் வீட்டு விலாசத்தைப் போட்டேன். வண்டிக்குள் யாராவது பேசினால் தேவலை என்று இருந்தது. திரு.வி.க. பாலம் வரை மேப்பின் பெண் குரல் வலது, இடது என்று சொல்லிக்கொண்டே வந்தது. பாலத்தில் ஏறியதும், இரண்டு கிலோமீட்டருக்கு நேராகச் செல்லவும் என்று சொல்லிவிட்டு அதுவும் பேசாமல் வந்தது.