ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கடவம்

ஹைதராபாத்,
12.8.2009

அன்புள்ள அம்மைக்கு, மக ரெஜிஷா எழுதுதேன். மாதா துணையில நான் சுகம். உங்களுக்க முட்டுவலி குறைஞ்சிருக்கா?

இஞ்ச ஒரு கூத்து நடந்து, வெப்ராளப்பட்டுப் பதறாதீங்க. கோடி பேருக்க பெயரை ஒரே வரியாச் சேர்க்க பைத்தான்ல புரோகிராம் எழுதினேன். காலையில ஓடவிட்டது சாயங்காலம் ஆகியும் முடியல்ல. மேனேஜர் முகம் கறுத்துட்டு. பாத்தா, கம்ப்யூட்டர் ஒவ்வொரு பெயருக்கும் புது ஓலைக்கடவம் எடுத்து, பழைய மீனையெல்லாம் அதில கொட்டி, மேல ஒரு மீனைப் போட்டுட்டு இருக்கு! கடப்புறத்தில நீங்க அப்படியா செய்விய? மீனையெல்லாம் மணல்ல குவிச்சு, அதுக்குத் தக்க ஒரு கடவம் எடுத்து, ஒரேயடியா அள்ளுவிய. நானும் அப்படி மாத்தினேன். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிட்டு. மேனேஜரும் சிரிச்சிட்டாரு.

நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க, ஹாஸ்டல்ல மணம் வந்தா சண்டைக்கு வருவாளுவ. நல்ல பிள்ளையளுதான். ஆனா ஒருத்தியும் என்னை நம்ம ஊர்ல மாதிரி ‘ஏட்டி’ன்னு கூப்பிடமாட்டா.

போன்ல புதுசா ஒண்ணு சொல்ல வந்தா, நீங்க பழைய கதையெல்லாம் முதல்லயிருந்து சொல்ல வைக்கிய. அதனால இனி எல்லாத்தையும் குவிச்சு வைக்கேன், கிறிஸ்மஸுக்கு வந்து ஒண்ணாச் சொல்லுதேன். ஆபீஸ் வண்டி வந்துட்டு.

பெரிய கடவமா எடுத்து வையுங்க, அம்மா.

ரெஜிஷா