மூன்று பூச்சு பவுடர்

அண்ணே,

உங்கள் நினைவுக் கூட்டத்துக்கான பேனரை நேற்று உங்கள் மகன் என் வீட்டுத் தரையில் விரித்தான். புது மை வாசனை குப்பென்று அடித்தது. உங்கள் மூக்கு, மீசை, அந்த அரைச் சிரிப்பு எல்லாம் சரியாக இருந்தன. நிறம்தான் உங்களுடையதல்ல. யாரோ உங்களைச் சந்தன நிறத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

"நல்லா பளிச்சுன்னு இருக்குல்ல அத்தே?" என்றான். ஆமாம்ப்பா என்று சொல்லிவிட்டேன். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் குறை சொல்ல வாய் வரவில்லை. அவன் போன பிறகு சோறு இறங்கவில்லை.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். கோல சிலாங்கூர் எஸ்டேட் கோயில் திருவிழாவில்தான் நீங்கள் முதன்முதலில் ராஜாவாக நின்றீர்கள். அதுவரை எந்த நாடகக் குழுவும் உங்களுக்கு அடியாள், எமன் தவிர வேறு வேடம் கொடுத்ததில்லை. "கறுத்த ராஜாவப் பாத்தா சனம் சிரிக்கும்" என்றார் குழுத் தலைவர். ஒப்பனைக்காரி நான். மறுபேச்சுப் பேசாமல் மூன்று பூச்சு பவுடர் பூசினேன். செத்த மகனை மடியில் போட்டு நீங்கள் அழுத கட்டத்தில், வியர்வையும் கண்ணீரும் சேர்ந்து பவுடரைக் கோடு கோடாகக் கரைத்தன. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீங்கள் ஒரு வரி விடாமல் நடித்து முடித்தீர்கள்.

பிறகு குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே, "ஒம்மேல கோவம் இல்லலா. இனிமே என் மூஞ்சியோடதான் மேடை ஏறுவேன்" என்றீர்கள்.

"யாருண்ணே ஏத்துவா?"

"நாமளே மேடை போடுவோம்."

அப்படிப் பிறந்ததுதான் நம் குழு. கெர்லிங் முதல் பாகான் நக்கோடா ஓமார் வரை லோரியில் எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்தோம். பகலில் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர்கள் தங்கள் நிறத்திலேயே ராஜாவும் ராணியுமாக நின்றார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் மட்டும் கடைசிவரை உங்களுக்கு அடியாள் வேடத்தைத்தான் நீட்டினார்கள். நீங்களும் கடைசிவரை போகவில்லை.

இன்று காலை மனசு கேட்காமல் உங்கள் மகனுக்குப் போன் செய்தேன். "அது ஒங்கப்பா இல்லப்பா. வேற அடிக்கச் சொல்லு."

"நான்தான் அத்தே வெளுப்பாக்கச் சொன்னேன்" என்றான். "திருவிழால அப்பாவப் பாத்து சிரிச்சாங்கல்ல. அவர் கூட்டத்துல யாரும் சிரிச்சிடக் கூடாதுன்னு..." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அந்தக் கதைய அப்பா எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு. பவுடர் பூசுனது யாருன்னு மட்டும் சொன்னதே இல்ல."

அது எனக்குத் தெரியாது, அண்ணே. இத்தனை வருஷமாக என்னைக் காட்டிக்கொடுக்காமலே இருந்திருக்கிறீர்கள். போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நான்தான்ப்பா பூசுனேன்" என்றேன்.

மதியம் புதுப் பேனரைக் கொண்டுவந்து காட்டினான். அதில் நீங்கள் நீங்களாக இருக்கிறீர்கள். நாளை கூட்டத்தில் என்னையும் பேசச் சொல்லியிருக்கிறான். நீங்கள் மறைத்த பெயரை மேடையில் நானே சொல்லப் போகிறேன். சனம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அத்தனை சிரிப்புக்கு நடுவில் நீங்கள் ஒரு வரி விடாமல் நின்றீர்களே, அதைத்தான் கூட எடுத்துக்கொண்டு போகிறேன்.