பாப்பாவின் முதல் முடி

ஜொகூர், தங்காக் தோட்டம்
மாசி, 1931

அன்புள்ள வெள்ளத்தாயிக்கு அய்யாவு எழுதுறேன். நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா? அவ பேச ஆரம்பிச்சிட்டாளா?

இங்கே சின்னக் கலாட்டா, பயப்படாதே. நாங்க குடியிருக்குற லயத்து வீடுகள்ல பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. யாரோ சூனியம் வச்சுட்டாங்கன்னு கங்காணி ஆள்களோட வந்து முன் லயத்துல வீடு வீடாச் சோதனை போட்டாரு. கிருஷ்ணம்மாக்கா பெட்டியில, துணியில முடிஞ்ச தலைமுடி இருந்துச்சு. செத்துப்போன மகளோட முடின்னு அழுதாங்க. யாரும் நம்பல. காளி கோயில்ல அவங்க உள்ளங்கையில சூடம் ஏத்தி, கையை உதறினா நீதான் சூனியக்காரின்னாங்க. நெருப்புச் சுட்டா யாருதான் உதறமாட்டாங்க? உதறிட்டாங்க. அடிச்சுத் தோட்டத்தை விட்டே விரட்டிட்டாங்க.

நாளைக்கு எங்க லயத்துல சோதனை. நீ அனுப்பின பாப்பாவோட முதல் மொட்டை முடி என் தலையணைக்குள்ள இருக்கு. எரிச்சா நாத்தமே காட்டிக் கொடுத்துடும். தூக்கிப் போட மனசு வரல. அதான் இந்தக் கடுதாசிக்குள்ளேயே வச்சுட்டேன். கங்காணிகிட்டக் கொடுக்காம, நானே தங்காக் டவுனுக்கு நடந்து போய்த் தபால்ல போடுறேன்.

இனி முடி அனுப்பாதே. பாப்பாவோட பழைய சட்டை ஒண்ணு அனுப்பு. துவைக்காம அனுப்பச் சொல்லத்தான் ஆசை. வேண்டாம், உடுத்தின அழுக்குத் துணியையும் சூனியம்னுடுவாங்க. நல்லா வெளுத்தே அனுப்பு. அவ வாசம் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது.

அவசரமா,
அய்யாவு