அவர் இல்லை என்றேன்

ரூஹி வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் இல்லாமல் தொடங்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். நலமா என்று கேட்க இப்போது எனக்கு மனசில்லை.

போனில் நம் மகள் ரூஹி பேரை எடுத்ததும் லைனைத் துண்டித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மருமகனோடு இங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஜெபசிங் தம்பி நாளை லீவில் தண்டையார்பேட்டைக்கு வருகிறார். சாத்தாங்காட்டுக்கு, உங்கள் இரும்புக் கடைக்கே வந்து கையில் கொடுப்பார். அவர் எதிரில் கிழித்துப் போட்டு என் மானத்தை வாங்காதீர்கள்.

நல்லபடியாக மலேசியா வந்து சேர்ந்தேன். நல்லபடியாக என்று எழுதுவது வழக்கம், அவ்வளவுதான். முட்டிவலிக்காரி, பாரீஸ் கார்னரைத் தாண்டித் தனியாகப் போகாதவள், முதல் தடவையாகக் கடல் தாண்டிப் போகிறாள். நீங்கள் ராயபுரம் வீட்டு வாசல்வரைகூட வரவில்லை. பேப்பரை மடிக்காமலே, "போறதுன்னா போ. எங்கயும் என் பேரைச் சொல்லிக்கினு நிக்காதே" என்றீர்கள். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் காதிலும் அது விழுந்தது.

ஏர்போர்ட்டில் என்னை வழியனுப்ப நின்றது யார் தெரியுமா? மருமகனின் அம்மா கெங்கம்மா. எம்.கே.பி. நகரிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி வந்திருக்கிறார். எந்தக் குடும்பத்தின் பேச்சையே நம் வீட்டில் எடுக்கக் கூடாது என்று, ரூஹி உங்களை மீறிக் கல்யாணம் செய்த நாளிலிருந்து மூன்று வருஷமாகச் சொல்கிறீர்களோ, அந்தக் குடும்பம். "இன்னா சம்மந்தி, தனியாவா கீற? அண்ணன் வர்லியா?" என்று கேட்டார். நான் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி வுடு. குந்திக்கினே போவப் போற, இன்னா பயம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே போகும்வரை அங்கேயே நின்றார்.

விமானத்தில் கொடுத்த சாப்பாடு ஹலாலா என்று கேட்க வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இறங்கினால் நடை, நடை, அப்படி ஒரு நடை. நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து நின்றேன். பின்னால் வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். யாரோ ஒரு சீனப் பெண் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். கட்டியவர் கூட வந்திருந்தால் எனக்கு எதற்கு இந்த அவமானம்?

பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் விரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள். ரேகை விழவில்லை. துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன், விழவே இல்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து உங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கும் விரல், அதில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? தனி அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். அங்கே ஒரு பெண், ஊருக்குத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் அதேதான் என்று நினைத்துக் கலிமாவை ஓதிக்கொண்டே இருந்தேன். போனில் டவர் இல்லை. பசியில் கண் இருட்டியது.

வெகுநேரம் கழித்துத் தமிழ் தெரிந்த பெண் அதிகாரி ஒருவர் வந்தார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். மகளை, நிறைமாசம், பிரஷர் ஏறிப் படுக்கையில் கிடக்கிறாள், வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றேன். அவர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "அத்தாவுல்லான்னு போட்டிருக்கே, உங்க வீட்டுக்காரரா? அவர் எங்கம்மா?" என்றார். என் பேரைச் சொல்லாதே என்று நீங்கள்தான் உத்தரவு போட்டிருக்கிறீர்களே. "அவர் இல்லைம்மா" என்றேன். கூட வரவில்லை என்கிற அர்த்தத்தில்தான் சொன்னேன். அல்லாஹ் அறிவான்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. என் தோளைத் தொட்டார். பக்கத்திலிருந்த பெரியவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவர் தலையைத் தாழ்த்தி, இறந்தவருக்கு ஓதுவதுபோல் "இன்னா லில்லாஹி" என்று ஓதினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உங்களை மவுத்தாக்கிவிட்டேன் என்று.

உடனே திருத்தியிருக்கலாம். கோபத்தில்தான் விட்டுவிட்டேன். பெற்ற மகளுக்கு இல்லாத மனுஷன் இந்த ஊருக்கு மட்டும் எதற்கு இருக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். அனுப்பிவிட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். அந்தப் பெண் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரைக்கும் வந்தார். மருமகன் சித்தார்த் காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். அவரிடம், "அம்மாவைப் பத்திரமா பார்த்துக்குங்க, வீட்டுக்காரர் போன துக்கத்துல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் வந்துகொண்டிருந்தபோது உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அத்தனை பேர் போய்வரும் இடத்தில் வாய்விட்டு அழுதார். "ஒரு தபா நேர்ல குந்தி பேசணும்னு இருந்தேனேம்மா. ரூஹிகிட்ட இன்னான்னு சொல்லுவேன்" என்றார். பெண் கேட்டு வந்தவரைக் கடை வாசலில் நிற்கவைத்து, லோடு ஏற்றுகிறவர்கள் எதிரில் விரட்டினீர்களே, அவர்தான் உங்களுக்காக அழுதார்.

உண்மையைச் சொன்னேன். என் மேல் கோபப்படுவார் என்று பார்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா கீறாரு இல்ல? போதும்" என்றார். என் பெட்டியைக் காருக்குத் தள்ளிக்கொண்டு போனார். காரில் வரும் வழியெல்லாம் உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் இரண்டு மடங்கானது.

ரூஹி முகமெல்லாம் வீங்கிப் படுத்திருக்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "வாப்பா எதுனா சொன்னாராம்மா?" நீங்கள் சொன்னதையா அவளிடம் சொல்ல முடியும்? உனக்குச் சலாம் சொன்னார், உனக்காக துஆ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அந்த அதிகாரியிடம் சொன்னதற்கு நான் தௌபா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரூஹியிடம் சொன்ன பொய்க்கு நீங்கள்தான் பொறுப்பு. ஆபரேஷனுக்கு முன்னால் அவளுக்குப் போன் செய்யுங்கள். என்னிடம் பேச வேண்டாம்.

சுகர் மாத்திரை சமையலறை அலமாரியில், நீல டப்பாவில் இருக்கிறது. சாப்பிடுவதற்கு முன்னால் போடுங்கள். வெறும் டீயும் பன்னும் தின்று கடையில் கிடக்காதீர்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஆமீன், ஆமீன்.

ரஹீமுன்னிசா