உன் கிருமி இன்னும் என்னிடம்தான்

இன்று ஜாலான் புசாரில் பேருந்துக்கு நின்றிருந்தேன். பக்கத்து இரும்புச் சாமான் கடையிலிருந்து கிரீஸ் வாடை வந்தது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. வந்த பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்டா.

மருந்து கண்டுபிடிக்கிறேன் என்றாலே உனக்குச் சிரிப்பு. "இத்தன வருஷத்துல ஒரு மாத்திரைகூட வரல. என் கடையா இருந்தா எப்பவோ இழுத்து மூடியிருப்பேன் லா!" என்பாய். பிறகு உனக்கே இருமல் வந்தது. காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒன்று, எந்த மருந்துக்கும் லேசில் மசியாது என்றார் டாக்டர். நான் வருடக்கணக்காக மாரடித்துக்கொண்டிருந்ததும் அதே கிருமியோடுதான். மருந்து ஏற ஏற உன் காது இரைந்தது, சோறு இறங்கவில்லை. ஆராய்ச்சிக்குச் சளி கேட்டபோது மட்டும் குஷியாகக் கையெழுத்துப் போட்டாய். "என் கிருமி நல்ல குவாலிட்டி, பாத்துக்கோ" என்றாய்.

நாங்கள் உருவாக்கிய சேர்மம் ஒன்றை அதன்மேல் சோதித்தோம். தட்டின் சின்னக் குழிகளில் கிருமி பிழைத்தால் நீர் கலங்கும், செத்தால் தெளிந்திருக்கும். தெளிந்திருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அன்றே புக்கிட் பாத்தோக்கில் உன் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"எனக்குக் குடுடா. எந்த ஃபார்ம்லயும் சைன் போடறேன்."

"இன்னும் எலிக்கே குடுக்கலடா. முடியாது."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்து சொன்ன?"

நீ போன பிறகுதான் சுண்டெலிகளுக்குக் கொடுத்தோம். கல்லீரல் கெட்டுச் செத்தன. உனக்குக் கொடுக்காதது சரிதான் என்று ஆனது. அதனால் எனக்கு நிம்மதி ஒன்றும் வரவில்லை. அலுப்புதான் வந்தது.

உன் கிருமி எங்கள் உறைபெட்டியில் ஓர் எண்ணாக இருக்கிறது. ஒவ்வொரு புதிய சேர்மத்துக்கும் அதை எடுத்து, சத்துநீர் விட்டு வளர்க்கிறேன். உன்னைக் கொன்றதைச் சாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சில நாள் வெறுப்பாக இருக்கிறது.

மார்சிலிங்கில் என் அடுக்குமாடி புளோக்கிலேயே ஓர் அக்காவுக்கு இதே நோய். நேற்று லிஃப்டில், "தம்பி, புதுசா ஏதும் வந்துச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: நேற்றுக் காலை தட்டு தெளிந்திருந்தது.